நாய் கடித்தால் இன்னமும் தொப்புளைச் சுற்றி 14 ஊசியா? ரேபிஸ் பற்றி நெல்லை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நாய் கடிச்சிட்டு" என்று சொன்னதும் வீட்டில் இருக்கும் ஆச்சிமார் வாயில் இருந்து முதலில் வருவது இதுதான்: "ஐயோ, தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களே!"

அந்த ஊசி இந்தியாவில் நிறுத்தப்பட்டு 20 வருடம் ஆகிவிட்டது. ஆனால் அதன் பயம் மட்டும் இன்னும் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. இந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் நாய் கடித்ததையே மறைக்கிறார்கள். பெரியவர்கள் "சின்ன கீறல்தானே" என்று மஞ்சளை வைத்து விட்டுவிடுகிறார்கள். ரேபிஸ் விஷயத்தில் இந்தத் தாமதம் உயிரையே பறிக்கும்.

அந்த 14 ஊசி எங்கிருந்து வந்தது? ஏன் போனது? வைரஸ் உடம்புக்குள் என்ன செய்கிறது? இப்போது எத்தனை ஊசி? ஆடு, மாட்டை நாய் கடித்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• நாய் கடித்தால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது.
• அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம்.
• ஊசி கையில்தான் போடுவார்கள். தொப்புளில் இல்லை.
• ஆழமான காயம் என்றால், தடுப்பூசியோடு காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவை.
• அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றும் மருந்து இன்றுவரை இல்லை.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பு பயன்படுத்தும் மதிப்பீடு. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான் வருகிறது.

இந்தியாவில் எவ்வளவு பேர்? சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 மார்ச் முதல் 2023 ஆகஸ்ட் வரை 15 மாநிலங்களில் வீடு வீடாகக் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். வருடத்துக்கு சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள், சுமார் 5,700 ரேபிஸ் மரணங்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போடவில்லை. போடத் தொடங்கியவர்களிலும் பலர் முழுசாகப் போட்டு முடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. அந்த வருடம் ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். கடிபட்ட லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் தப்பித்ததற்குப் பெரிய காரணம், சரியான நேரத்தில் போட்ட ஊசி. அந்த 43 மரணங்களும் கூட தடுத்திருக்கக்கூடிய வகை மரணங்கள்தான். அதுதான் இதில் பெரிய வேதனை.

கடித்த இடத்தில் இருந்து மூளைக்கு: வைரஸ் போகும் பாதை

ரேபிஸ் வைரஸ் பார்க்க துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும். அதன் உள்ளே ஆர்.என்.ஏ. இழை ஒன்று. மொத்தமே ஐந்து புரதங்களைத்தான் அது தயாரிக்கும். வெளியே கொழுப்பால் ஆன ஒரு உறை, அதில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். இந்த முள்தான் சாவி. நரம்பு செல்லின் கதவைத் திறப்பது இதுதான்.

வெறிநாய் கடிக்கும்போது எச்சில் வழியாக வைரஸ் தசைக்குள் போகிறது. முதலில் கொஞ்ச காலம் அங்கேயே இருக்கலாம். பிறகு தசையோடு இணைந்திருக்கும் நரம்பின் நுனிக்குள் நுழைகிறது.

ரத்தத்தில் கலந்து பரவும் வைரஸ்கள் நிறைய உண்டு. ரேபிஸ் அப்படிப் போவதில்லை. நரம்பு வழியாகவே ஏறுகிறது. தாமிரபரணியை நினைத்துக்கொள்ளுங்கள். பொதிகையில் பிறந்து கடலை நோக்கி தண்ணீர் இறங்குவது மாதிரி, மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி தசைக்கு வருகிறது. வைரஸ் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஏறுகிறது. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நுழைந்த மீன் ஒன்று ஸ்ரீவைகுண்டம், மருதூர், திருநெல்வேலி என்று ஆற்றை எதிர்த்து ஏறி பாபநாசம் வரை போவது மாதிரி.

இதற்கு வைரஸ் தானாக நீந்துவதில்லை. ஒவ்வொரு நரம்பு செல்லுக்குள்ளும் சரக்கு ஏற்றிச் செல்ல தண்டவாளம் போன்ற நுண்குழாய்கள் உண்டு. அதன் மேல் 'டைனீன்' என்ற மோட்டார் புரதம், செல்லுக்குத் தேவையான பொருட்களைச் சுமந்து நரம்பு நுனியில் இருந்து செல்லின் மையத்துக்குக் கொண்டு போகும். வைரஸ் இந்த வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்கிறது.

நரம்பில் ஏறிய பிறகு ஒரு நாளைக்கு சில சென்டிமீட்டர் தூரம் வரை நகரும். ஆனால் நரம்பில் நுழையவே எடுத்துக்கொள்ளும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் கடித்ததில் இருந்து அறிகுறி வரை பொதுவாக 2 முதல் 3 மாதம் ஆகிறது. சிலருக்கு ஒரு வாரம். சிலருக்கு ஒரு வருடம் கூட ஆகலாம்.

காலில் கடித்தால் தூரம் அதிகம். முகம், தலை, கழுத்தில் கடித்தால் தூரம் குறைவு. விரல்களில் நரம்பு நுனிகள் அதிகம். சின்னப் பிள்ளைகளை நாய் கடிக்கும்போது உயரம் குறைவு என்பதால் முகத்திலும் தலையிலும் பட வாய்ப்பு அதிகம். அதனால்தான் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் அவசரம்.

இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மீன் முகத்துவாரத்தில் இருக்கும்போதே வலை போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆற்றில் ஏறிவிட்டால் பிடிப்பது கஷ்டம். பாபநாசம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிடிக்கவே முடியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நரம்புக்குள் போன வைரஸ், நோய் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது. தான் புகுந்த செல்லை உடனே கொல்வதும் இல்லை. செல் செத்தால் பயணம் நின்றுவிடுமே! ஒரு செல்லில் இருந்து அடுத்த செல்லுக்கு, அவை இரண்டும் சந்திக்கும் இடம் வழியாகத் தாவுகிறது.

மூளையில் பெருகியதும், அங்கிருந்து நரம்புகள் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் வைரஸ் நிறைகிறது. அதே சமயம் மூளை பாதிப்பால் நாய் வெறிகொண்டு கடிக்கிறது. தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்வதால் விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறது. அடுத்த உடம்புக்குப் போக வைரஸுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

மனிதர்களுக்கு தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகுவதும் இதனால்தான். குடிக்க ஆசை இருக்கும், குடிக்க முடியாது.

ஒரு விநோதம் என்னவென்றால், ரேபிஸால் இறந்தவர்களின் மூளையை வெறும் கண்ணால் பார்த்தால் பெரிய சிதைவு தெரிவதில்லை. நுண்ணோக்கியில்தான் தடயம் தெரியும். 1903-ல் இத்தாலியைச் சேர்ந்த அடெல்கி நெக்ரி, நரம்பு செல்களுக்குள் சின்னச் சின்னத் திட்டுகளைக் கண்டுபிடித்தார். 'நெக்ரி திட்டுகள்' என்ற பெயர் அப்படி வந்தது. சந்தேகத்துக்குரிய விலங்கு இறந்தால், அதன் மூளைத் திசுவை ஆய்வகத்தில் சோதித்துத்தான் இன்றும் ரேபிஸை உறுதி செய்கிறார்கள்.

அந்த 14 ஊசி எங்கிருந்து வந்தது?

1885 ஜூலை 6. பிரான்ஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயது சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தன் தடுப்பு மருந்தைப் போட்டார். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தைக் காயவைத்து வைரஸை பலவீனமாக்கித் தயாரித்த மருந்து அது. மொத்தம் 13 ஊசி. சிறுவன் பிழைத்தான்.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல் இமயமலை அடிவாரத்து கசௌலியில் தொடங்கியது. அப்போது தெற்கே ஒருவரை வெறிநாய் கடித்தால் என்ன செய்வது? திருநெல்வேலியில் இருந்து கசௌலி 2,500 கிலோமீட்டருக்கும் மேல். போய்ச் சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

இந்தக் குறையைப் போக்க, அமெரிக்க வள்ளல் ஹென்றி ஃபிப்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் அதே குன்னூர்தான். இன்று அதன் பெயர் இந்திய பாஸ்டர் நிலையம்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் புது முறையைக் கொண்டுவந்தார். வைரஸை விலங்கின் மூளையில் வளர்த்து, அந்த மூளையையே அரைத்து, பீனால் சேர்த்து வைரஸை செயலிழக்க வைத்து ஊசியாக்கினார். இந்தியாவில் இதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது ஆட்டு மூளை.

இந்த மருந்தில் வைரஸின் பங்கு கொஞ்சம், மூளைத் திசுவின் பங்கு நிறைய. அதனால் அதிக அளவில், தினமும், பல நாள் போட வேண்டியிருந்தது. அவ்வளவு மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றத் தோதான இடம் வயிறு. "தொப்புளைச் சுத்தி 14 ஊசி" பிறந்த கதை இதுதான்.

வலி இருந்தது உண்மை. ஆனால் பல லட்சம் பேரைக் காப்பாற்றியதும் அதே ஊசிதான். வேறு வழி இல்லாத காலத்தில் அது பெரிய வரம்.

ஊசியே மூளையைத் தாக்கிய சோகம்

வலியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அந்த ஊசி போட்டவர்களில் ஒரு சிலருக்கு, வாரங்களில் கை கால் செயலிழந்தது. சிலருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் வீக்கம் வந்தது. சில நூறு பேருக்கு ஒருவர் என்றும், சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் கணக்குகள் மாறுபட்டன.

காரணம் என்ன? நம் நரம்புகளைச் சுற்றி 'மயலின்' என்ற கொழுப்பு உறை இருக்கும். மின்கம்பியின் மேல் இருக்கும் ரப்பர் உறை மாதிரி. ஆட்டு மூளையிலும் இதே மயலின் உண்டு. ஊசி வழியாக அது திரும்பத் திரும்ப உள்ளே வந்ததும், உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிரி என்று முடிவு செய்தது. பிறகு சொந்த நரம்பின் மயலினையே தாக்கத் தொடங்கியது.

1933-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் குழு இதைக் குரங்குகளில் சோதித்துப் பார்த்தது. வைரஸே இல்லாத, ஆரோக்கியமான முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டபோதும் சில குரங்குகளுக்கு மூளை அழற்சி வந்தது. குற்றவாளி மூளைத் திசு என்பது தெளிவானது. இந்தச் சோதனையில் இருந்து வளர்ந்த ஆய்வுமுறைதான், 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற நரம்பு நோய்க்கு மருந்து தேடுபவர்களுக்கு இன்றுவரை உதவுகிறது.

ஆக, நாய்க்கடி ஊசிக்கு மக்கள் பயந்தது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை என்பதுதான் செய்தி.

செல்கள் கொடுத்த விடை

மூளை வேண்டாம் என்றால் வைரஸை எதில் வளர்ப்பது? வைரஸ் தனியாக வளராது. உயிருள்ள செல் வேண்டும். விலங்கின் உடம்புக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்தில் செல்களை வளர்க்கும் கலை கைக்கு வந்தபோது இதற்கு விடை கிடைத்தது.

அமெரிக்காவின் விஸ்டார் நிலையத்தில் மனித செல்களில் வளர்த்த ரேபிஸ் தடுப்பூசி உருவானது. 1970-களின் நடுவில் ஈரானில் இது பெரிய சோதனையைச் சந்தித்தது. வெறிபிடித்த ஓநாய், நாய்களால் கடிபட்ட 45 பேருக்கு இந்த ஊசி போடப்பட்டது. ஒருவருக்கும் ரேபிஸ் வரவில்லை.

ஆனால் விலை அதிகம். ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அங்கே கைகொடுத்தது 'வீரோ' செல்கள். 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை இவை. எஸ்பெராண்டோ மொழியில் 'பச்சைச் சிறுநீரகம்' என்ற சொற்களைச் சுருக்கி வைத்த பெயர்தான் வீரோ. இந்த செல்கள் பெரிய தொட்டிகளில் சலிக்காமல் பெருகும். அதில் வைரஸை வளர்த்து, செயலிழக்க வைத்து, சுத்திகரித்தால் தடுப்பூசி தயார். இதில் மூளைத் திசு இல்லை. அதனால் மயலின் பிரச்சினையும் இல்லை.

மூளைத் திசு ஊசியை நிறுத்துங்கள் என்று உலக சுகாதார அமைப்பு பல வருடம் வலியுறுத்தியது. இந்தியாவில் அது 2004-2005 வாக்கில் நிறுத்தப்பட்டது. 2006-ல், மருந்தைத் தசையில் போடாமல் தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறைக்கும் இங்கே அனுமதி கிடைத்தது. தோலில் எதிர்ப்பு செல்கள் அதிகம் என்பதால் 0.1 மி.லி. போதும். ஒரே மருந்துக் குப்பியில் பலருக்குப் போடலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்க இது பெரிய உதவி.

சரி, இப்போ எத்தனை ஊசி?

முதல் ஊசி போடும் நாளை '0' என்று கணக்கு வைப்பார்கள்.

• தோலுக்குள் போடும் முறை: 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் ஒவ்வொரு சின்ன ஊசி. மொத்தம் 4 முறை போனால் போதும்.
• தசையில் போடும் முறை: 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். மொத்தம் 5 ஊசி. பெரியவர்களுக்கு மேற்கையில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கத்தில். பிட்டத்தில் போடக் கூடாது.

யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மருத்துவர் காயத்தைப் பார்த்து மூன்றாகப் பிரிப்பார்.

• முதல் வகை: நாயைத் தொட்டது, தீனி போட்டது, காயமில்லாத தோலில் நக்கியது. ஊசி தேவையில்லை, கழுவினால் போதும்.
• இரண்டாம் வகை: ரத்தம் வராத கீறல், லேசாகப் பல் பட்டது. தடுப்பூசி தேவை.
• மூன்றாம் வகை: ரத்தம் வந்த கடி, ஏற்கெனவே இருந்த புண்ணில் நக்கியது, கண் அல்லது வாய்க்குள் எச்சில் பட்டது. தடுப்பூசியோடு 'இம்யூனோகுளோபுலின்' மருந்தும் தேவை.

இந்த இரண்டாவது மருந்து ஏன்? தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்பில் ஏறிவிடலாம். இம்யூனோகுளோபுலின் என்பது ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் பொருள். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட்டு, வைரஸை அங்கேயே மடக்குகிறார்கள். முகத்துவாரத்தில் போடும் வலை இதுதான். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குப் பிறகு இதைப் போடுவதில்லை. ஆகவே ரத்தம் வந்த கடி என்றால் "இந்த மருந்தும் வேணுமா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் அது இல்லாவிட்டால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அலைச்சல் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

சோப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

வைரஸின் வெளியுறை கொழுப்பு என்று பார்த்தோம் அல்லவா? எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு சுத்தம் செய்வது போல, இந்த உறையையும் கரைத்துவிடும். உறை போனால் முள்ளும் போச்சு. நரம்புக்குள் நுழைய சாவி இல்லை.

• குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்.
• மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். காயம் எரிந்து புண்ணாகுமே தவிர வைரஸ் சாகாது.
• இறுக்கிக் கட்டு போடாதீர்கள். தையல் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆடு, மாடு வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

ரேபிஸ் அடிப்படையில் ஒரு விலங்கு நோய். தாமிரபரணிக் கரையில் வயலும் தொழுவமும் சேர்ந்தே இருக்கும் ஊர்களில் மாட்டையும் ஆட்டையும் நாய் கடிப்பது சாதாரணம். பல நேரம் கடித்ததே தெரியாது.

மாட்டுக்கு ரேபிஸ் வந்தால் எப்போதும் முட்ட வரும் என்று நினைக்காதீர்கள். எச்சில் ஒழுகும், தீனி எடுக்காது, குரல் மாறி விடாமல் கத்தும், முக்கிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் தள்ளாடும். பார்ப்பவர்களுக்கு "தொண்டையில ஏதோ சிக்கிருக்கு" என்று தோன்றும். உடனே கையை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்கள். இதுதான் ஆபத்து. விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் எச்சில் வழியாக வைரஸ் உள்ளே போகலாம். கையை விடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

• நாய் கடித்த ஆடு, மாட்டின் காயத்தையும் 15 நிமிடம் சோப்பால் கழுவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.
• கால்நடைகளுக்கும் கடித்த பிறகு போடும் தடுப்பூசி உண்டு. 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள்.
• காய்ச்சிய பாலால் ரேபிஸ் பரவாது. ஆனாலும் நோய் அறிகுறி தெரியும் மாட்டின் பாலைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.
• இறந்த மாட்டைத் திறந்த வெளியில் போடவோ, தோலுரிக்கவோ கூடாது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.
• வீட்டு நாய்க்கு 3 மாத வயதில் முதல் ஊசி, பிறகு வருடா வருடம் மறக்காமல்.

பக்கத்து கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஊரில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டாலே, நாய்க்கு நாய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். மனிதர்களுக்கு ஊசி போடுவது ஆளைக் காப்பாற்றும். நாய்களுக்கு ஊசி போடுவது ஊரைக் காப்பாற்றும்.

அறிகுறி வந்த பிறகும் பிழைத்த பெண்

"அறிகுறி வந்தா பிழைச்சவங்களே இல்லையா?" இருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கு.

2004 செப்டம்பர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 15 வயது ஜீனா கீஸ், தேவாலயத்தில் ஒரு வவ்வாலைப் பிடித்து வெளியே விடப் போனபோது அது விரலில் கடித்தது. காயம் சின்னது. தடுப்பூசி போடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அறிகுறிகள் வந்தன.

மருத்துவர் ராட்னி வில்லோபி ஒரு கணக்குப் போட்டார். ரேபிஸ் மூளையைப் பெரிதாகச் சிதைப்பதில்லை, செயலைத்தான் குலைக்கிறது. மூளையைக் கொஞ்ச நாள் தூங்க வைத்துவிட்டால், அதற்குள் உடம்பே எதிர்ப்புப் பொருளைத் தயாரித்துவிடாதா? மருந்து கொடுத்து ஜீனாவை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தார்கள். அவர் பிழைத்தார். தடுப்பூசியே போடாமல் ரேபிஸில் இருந்து பிழைத்ததாக அறியப்பட்ட முதல் மனிதர் அவர்தான்.

ஆனால் கண் விழித்ததோடு கதை முடியவில்லை. 2005 ஜனவரி 1-ல் வீடு திரும்பும்போது அவரால் சரியாகப் பேச முடியவில்லை, நடக்க முடியவில்லை. உட்கார, நிற்க, நடக்க, வார்த்தையை உச்சரிக்க என்று ஒவ்வொன்றையும் கைக்குழந்தை போலத் திரும்பக் கற்றார். நீண்ட மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பிறகு கல்லூரிப் படிப்பை முடித்தார். பிறகு இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயும் ஆனார்.

நம்பிக்கை தரும் கதைதான். ஆனால் இதே சிகிச்சையைப் பிறகு பலருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் ரேபிஸில் இருந்து சிலர் பிழைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓரளவு தடுப்பூசி போட்டிருந்தவர்கள். பிழைத்தவர்களிலும் பலர் கடுமையான நரம்புப் பாதிப்போடு, அடுத்தவர் துணையில் வாழ வேண்டிய நிலை. ஜீனாவை நம்பி ஊசியைத் தள்ளிப்போட முடியாது.

அதே வைரஸ், மூளைக்காயத்துக்கு வழி காட்டுகிறது

நரம்பு செல்லில் இருந்து செல்லுக்குப் பின்னோக்கித் தாவும் அந்தத் திறமையை விஞ்ஞானிகள் நமக்கு சாதகமாகத் திருப்பியிருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவின் சால்க் நிலையத்தில் இயன் விக்கர்ஷாம், எட்வர்ட் கேலவே குழுவினர் வைரஸின் முள் புரதத்துக்கான மரபணுவை நீக்கினார்கள். ஒளிரும் புரதத்தைச் சேர்த்தார்கள். இப்போது அது ஒரே ஒரு படி மட்டும் பின்னோக்கித் தாவி நின்றுவிடும். எந்த நரம்பு செல் எதோடு பேசுகிறது என்பது வெளிச்சமாகத் தெரியும்.

2022-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தில் ராபர்ட் ஹன்ட் குழு, தலைக்காயம் பட்ட எலிகளின் மூளையை இந்த முறையில் ஆராய்ந்தது. காயம் பட்ட இடத்தில் மட்டும் இல்லாமல், மூளையின் தூரப் பகுதிகளோடு இருந்த இணைப்புகளும் மாறியிருந்தன. அந்த இடத்தில் புதிதாகப் பதியம் போட்ட செல்கள், தூரப் பகுதிகளோடு சரியான இணைப்பை ஏற்படுத்திக்கொண்டதும் தெரிந்தது. இது எலிகளில் நடந்த ஆய்வு, மனிதர்களுக்கான சிகிச்சையாக மாற இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் விபத்தில் தலையில் அடிபட்டவர்களின் மறுவாழ்வுக்கு இது ஒரு திறவுகோல்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

நாயை 10 நாள் கவனிச்சுட்டு அப்புறம் ஊசி போடலாமா?
கூடாது. ஊசியை உடனே தொடங்க வேண்டும். கூடவே நாயைக் கவனிக்கலாம். 10 நாள் கழித்தும் நாய் ஆரோக்கியமாக இருந்தால், மீதி ஊசி தேவையா என்று மருத்துவர் சொல்வார். இந்தக் கணக்கு நாய், பூனைக்கு மட்டும்தான்.

எங்க வீட்டு நாய்தான், ஊசி போட்டிருக்கு. அப்பவும் போகணுமா?
போக வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் போடலாமா?
போடலாம். எந்த வயதிலும் தடையில்லை.

ஒரு ஊசி தேதி தவறிட்டு. விட்டுடலாமா?
விடாதீர்கள். உடனே போய், விட்ட இடத்தில் இருந்து தொடருங்கள்.

முன்னாடி முழுசா ஊசி போட்டவரை மறுபடி கடிச்சா?
0, 3 நாட்களில் இரண்டு ஊசி போதும். இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடிச்சு ரெண்டு வாரம் ஆயிட்டு. இனிமே போடலாமா?
அறிகுறி இல்லாதவரை போடலாம், போடவும் வேண்டும். இன்றே போங்கள்.

பிள்ளைகளிடம் இன்று ஒரு வார்த்தை

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்று ராத்திரி இதைச் சொல்லிவிடுங்கள். "நாய் கடிச்சாலோ, பிராண்டினாலோ உடனே வீட்டுல சொல்லணும். யாரும் திட்ட மாட்டோம். தொப்புளில் ஊசி கிடையாது. கையிலதான், எறும்பு கடிக்கிற மாதிரி."

அந்த ஒரு வார்த்தை, மீன் முகத்துவாரத்தைத் தாண்டும் முன்பே வலை விழ வைக்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.